ஃபைலைத் திறக்காமல் பெயரை அடிக்காதீர்கள்: கால்பந்துத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட இளையோர் பட்டியல்களில் நான் பயிற்சி கொடுக்கும் இரண்டு பேரின் பெயர் இல்லை. பெயர் விடுபடுவது எங்களுக்குப் புதிதல்ல. இருபது பேர் அணிக்கு இருநூறு பிள்ளைகள் வந்து நின்றால் பெரும்பாலோர் முகம் தொங்கித்தான் வீடு திரும்ப வேண்டும். அதற்காக யாரும் மடல் எழுதுவதில்லை. காரணம் கேட்டபோது உங்களில் மூத்தவர் ஒருவர் சொன்ன பதிலுக்காகத்தான் எழுதுகிறேன். “அந்தப் பொண்ணு கால் போன கேஸ். அந்தப் பையன் சரிப்பட்டு வரமாட்டான், ஏரியா அப்படி.”

ஆட்டம் போதவில்லை என்று சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பேன். ஆட்டத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எந்த அமைப்பு, எந்த ட்ரயல்ஸ் என்று இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். இதே பதிலைச் சொல்லி அனுப்பும் குழுக்கள் வேறு பலவும் இருக்கின்றன. அவர்களும் தங்களுக்கு எழுதியதாகவே படிக்கட்டும்.

முதலில் அந்தப் பெண். பதினாறு வயது, நடுக்களத்தில் ஆடுகிறவள். சென்ற ஆண்டு ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டியில், மழை பெய்து காய்ந்து இறுகிப்போன கிரவுண்டில், யாரும் தொடாமல் திரும்பியபோதே முழங்கால் மடங்கி விழுந்தாள். ‘டப்’ என்று சத்தம் கேட்டதாக அவளே சொன்னாள். அந்தச் சத்தத்தைச் சொன்ன பிள்ளைக்கு என்ன ஆகியிருக்கும் என்று உங்களில் ஆடியவர்களுக்குத் தெரியும். அவள் அப்பா ஆஸ்பத்திரி வேண்டாம் என்று புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போனார். எலும்பு முறிவென்றால் கட்டினால் கூடும். அறுந்த ஜவ்வு கட்டினால் ஒட்டாது. இது அவருக்கு ஓரளவு தெரிந்தும் போனார். காரணம் உண்டு. 2022 நவம்பரில் வடசென்னையில் எங்கள் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயதுக் கல்லூரி மாணவி, கால்பந்து வீராங்கனை, முழங்கால் ஜவ்வு அறுவை சிகிச்சைக்குப் பின் போட்ட கட்டு இறுகி, ரத்த ஓட்டம் தடைப்பட்டு, கால் அகற்றப்பட்டு, கடைசியில் உயிரையும் இழந்தார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தி உங்களுக்குச் செய்தித்தாளில் வந்தது. எங்களுக்குத் தெருவில் வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளையின் முழங்காலுக்கு ஆபரேஷன் என்று சொன்னால் அம்மாக்கள் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில் பேசிப் பேசி, எம்ஆர்ஐ எடுத்து, ஏசிஎல் என்கிற முழங்கால் ஜவ்வு முழுக்கக் கிழிந்திருப்பது தெரிந்து, அரசு மருத்துவமனையிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. நன்றாக நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிறகுதான் பெரிய வேலை. முதலில் காலை முழுசாக நீட்டப் பழகுவது, தொடைத் தசையை மறுபடி ஏற்றுவது, ஹவுசிங் போர்டு மாடிப்படியில் ஒற்றைக் காலால் ஏறி இறங்குவது. பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொரு மாதமும் எழுதிக் கொடுத்த தாள்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ட்ரயல்ஸுக்கு வந்தபோது அறுவை சிகிச்சை முடிந்து பத்து மாதம் தாண்டியிருந்தது. ஒன்பது மாதத்துக்கு முன் களத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் ஆபத்து பல மடங்கு என்பதால் நாங்களே காத்திருந்து கூட்டிவந்தோம்.

ஒற்றைக் காலில் தாவும் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெய்லர் டேப் ஒன்று போதும். நல்ல காலில் எவ்வளவு தூரம் தாவுகிறாளோ அதில் 90 சதவீதமாவது அடிபட்ட காலிலும் தாவ வேண்டும். கூடவே தொடைத் தசையின் பலம் பார்க்க வேண்டும், இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் பெண் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்த தாள் துணிக்கடைக் கட்டைப்பையில் இருந்தது. பதிவு மேசையில் பெயர் சொன்னதும் அங்கிருந்தவர், “போன வருஷம் அடிபட்ட பொண்ணுதானே” என்று கேட்டுவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். பையிலிருந்து ஃபைலை எடுத்து நீட்டினாள். “அப்புறம் பாக்கலாம்மா” என்றார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. சந்தையில் மாடு பிடிக்க வருகிறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்பான், சார்.

உங்கள் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை ஜவ்வு கிழிந்த இளம் வயதுக்காரருக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெண்பிள்ளைகளுக்கு இந்தக் காயமே பையன்களைவிட அதிகமாக வருகிறது. வெளிமாநிலத்துக்கு ரயிலேறிப் போய், முதல் ஆட்டத்திலேயே ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் மீதி ஆட்டங்களை ஒரு ஆள் குறைவோடுதான் ஓட்ட வேண்டும். தேர்வாளர் இதையெல்லாம் யோசிக்கத்தான் வேண்டும். யோசிப்பதென்றால் கேள்வி கேட்பது. எப்போது ஆபரேஷன்? ஆடிய மறுநாள் வீக்கம் வருகிறதா? கால் பூட்டிக்கொள்கிறதா? முழு ஆட்டம் ஆடி எவ்வளவு நாளாகிறது? இந்த நான்கு கேள்விக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும்.

நெதர்லாந்து வீரர் ரூட் வான் நிஸ்டல்ராய் கதையை நம் பக்கத்து டீக்கடையிலும் சொல்வார்கள். 2000-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணி அவரை வாங்க எல்லாம் பேசி முடித்த பிறகு முழங்கால் பரிசோதனையில் சந்தேகம் வந்து ஒப்பந்தம் நின்றது. சந்தேகம் சரிதான், உடனேயே பயிற்சியில் ஜவ்வு அறுந்தது. அதோடு அவரை மறந்துவிடவில்லை. காத்திருந்தார்கள், மறுபடி பரிசோதித்தார்கள், 2001-இல் வாங்கினார்கள். அந்த அணிக்கு 219 ஆட்டங்களில் 150 கோல். அவ்வளவு பணம் கொட்டுகிறவர்கள் இரண்டாவது முறை பார்த்தார்கள். கட்டைப்பையைத் திறக்க உங்களுக்குக் காசு செலவில்லை.

அன்றைக்கு அவள் எப்படி ஆடினாள் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறதா? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பிப் பார்த்துவிடுவாள். பந்து காலுக்கு வரும்போது எங்கே அனுப்புவது என்று முடிவாகியிருக்கும். அதனால் அவள் ஆட்டம் பார்க்க ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும்: ஒரே தொடுதல், பந்து போய்விட்டது. மூன்று பேரைத் தாண்டி ஓடுகிறவளுக்குக் கைதட்டல் கிடைக்கும். இவளைக் கண்டுபிடிக்கப் பந்தை விட்டுவிட்டு இவள் தலையைப் பார்க்க வேண்டும். நீங்கள் இருந்த பந்தலிலிருந்து எதிர்ப்பக்க டச்லைன்கூடச் சரியாகத் தெரியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பட்டியல் வந்த மறுநாள் எங்கள் கிரவுண்டில் ஒரு சின்னப் பையன் சொன்னான்: “அக்கா ஃபைலு எடுத்துட்டுப் போனதாலதான் சார் போச்சு. எனக்கு அடிபட்டா நான் சொல்லவே மாட்டேன்.” அவன் சொன்னதுபோல் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாக்கிங்ஸுக்குள் கிரேப் பேண்டேஜைச் சுற்றி மறைத்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் ஓடுகிறார்கள். அவர்களில் சிலரை ‘ஃபிட்’ என்று நீங்கள் எடுத்தும் இருக்கிறீர்கள். உண்மை சொன்னவளை வெளியே நிறுத்தி, மறைத்தவனை உள்ளே விட்டால், உங்கள் கேம்ப்பில்தான் அந்த முழங்கால் போகும். காயத்தைக் குறைக்க நினைத்து நீங்கள் வைத்திருக்கும் எழுதாத விதி காயத்தை வளர்க்கிறது.

இனி அந்தப் பையன்.

இடதுகால் ஆட்டக்காரன். பதினேழு நடக்கிறது. ட்ரயல்ஸுக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தான், உண்மை. விடிகாலை காசிமேட்டில் மீன் கூடை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தான். குளிக்காமல் வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருப்பான். அதற்கும் நீங்கள் ஏதாவது சொல்லியிருப்பீர்கள். முடிக்கு வெளுப்பு நிறம் போட்டிருக்கிறான். மணிக்கட்டில் அம்மா பெயரைப் பச்சை குத்தியிருக்கிறான். உங்களில் ஒருவர் “ஏய், மஞ்சத்தலை” என்று கூப்பிட்டபோது, “பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார்” என்றான். குரலை உயர்த்தவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். மதியத்துக்குள் ‘டிசிப்ளின் இல்லாத பையன்’ ஆகிவிட்டான். விண்ணப்பத்தில் இருந்த முகவரி மீதியைச் செய்தது.

அவன் அண்ணன்மேல் வழக்கு இருக்கிறது. அவன்மேல் எதுவும் இல்லை. அண்ணனைத் தேடி வந்த போலீஸ் ஒருநாள் இரவு இவனைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, காலையில் அனுப்பிவிட்டது. அந்தச் சேதி யார் யார் வாய் வழியாகவோ உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. வந்த சேதியை யாரிடமாவது சரிபார்த்தீர்களா? அவன் படிக்கும் பள்ளியின் பிடி மாஸ்டரிடம்? என்னிடம்? போன் செய்தால் எடுத்திருப்பேன்.

அவனை நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுக்க வரவில்லை. கோபக்காரன். மாற்று ஆட்டக்காரனை இறக்கி இவனை வெளியே கூப்பிட்டால் தண்ணீர் பாட்டிலை உதைப்பான். அதற்காக ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவனை முதல் பதினொன்றில் சேர்க்காமல் பெஞ்சில் உட்காரவைத்தேன். முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான், ஆனால் ஆட்டம் முடிந்ததும் கோன்களைப் பொறுக்கி அடுக்கியது அவன்தான். பந்தைப் பறிகொடுத்தால் இடுப்பில் கைவைத்து நிற்கமாட்டான், துரத்திக்கொண்டு ஓடுவான். தவறாகப் பாஸ் போட்ட சின்னப் பையனைத் திட்டமாட்டான். குணம் என்று நீங்கள் எதைத் தேடுகிறீர்களோ அது களத்தில்தான் தெரியும்: கோல் வாங்கிய அடுத்த நிமிடம், ரெஃப்ரி தப்பாக விசில் ஊதிய அடுத்த நிமிடம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் எழுதக்கூடிய விஷயங்கள் இவை. முடியின் நிறத்தைத் தெரிந்துகொள்ளத் தேர்வுக் குழு தேவையில்லை.

குணத்தை நீங்கள் அளக்கும் விதம் பற்றி இன்னொன்று. முன்னொரு தடவை எடுக்கப்பட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பார்க்கும் பெரியவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிடு. விடுதியில் இளைய பிள்ளைகளை பெல்ட்டால் அடித்து, பாதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். குணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவே இல்லை. சின்னவனை அடிக்கிறவன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அணியில் இருக்கக் கூடாது. பெண்பிள்ளைகளிடம் கைநீட்டுகிறவன் கிரவுண்டுக்குள்ளேயே வரக் கூடாது. நீங்கள் தேடுவது பணிவு. அதைப் பார்த்துக் குணம் என்று எழுதிக்கொள்கிறீர்கள். பணிவு நடிக்க எளிது.

இங்கிலாந்து வீரர் ஜேமி வார்டியை எல்லோருக்கும் தெரியும். பதினாறு வயதில் உயரம் போதாது என்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே அணி வெளியே அனுப்பியது. 2007-இல் அடிதடி வழக்கில் தண்டனை வாங்கினார். காலில் மின்னணுப் பட்டையோடு ஆடினார். இரவு வீடடங்க வேண்டிய நேரத்துக்காக ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் அணியின் ஆட்டங்களிலிருந்து பாதியில் ஓடினார். 2012-இல் லெஸ்டர் சிட்டி அணி அவரை வாங்கியது. 2016-இல் அந்த அணியோடு பிரீமியர் லீக் பட்டம். 2019-20 பருவத்தில் 23 கோலோடு லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர். அவர் செய்த குற்றம் உண்மையான குற்றம், அதற்குத் தண்டனையும் கிடைத்தது. எங்கள் பையன் செய்தது பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னது.

வியாசர்பாடியைக் ‘குட்டி பிரேசில்’ என்று மேடையில் சொல்கிறீர்கள். 2018-இல் சென்னையின் எஃப்சி அணி ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியில் எங்கள் தனபால் கணேஷ் இருந்தார். சால்வை போட்டார்கள், எங்களுக்கும் சந்தோஷம்தான். ஜெயித்து வந்தவனுக்கு வியாசர்பாடி பெருமை, விண்ணப்பம் கொடுக்கிறவனுக்கு வியாசர்பாடி சந்தேகம் என்றால் அந்தப் பிரேசில் பட்டத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் ஒரு பெயரை அடிப்பது உங்களுக்கு ஒரு கோடு. எங்கள் பிள்ளைகளுக்கு அது என்னவென்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில அணிக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால்தான் ஃபார்ம் 2 சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, ரயில்வே, வங்கி வேலைக்கு ஒரு வழி. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நீங்கள் நடத்தும் ட்ரயல்ஸ்தான் அதற்கெல்லாம் முதல் படி. எங்கள் தெருவில் ரயில்வே வேலை வாங்கிய ஒருவரின் வீட்டில் மூன்று தலைமுறைக்கு முதல்முறையாக மாதச் சம்பளம் வந்தது. அதனால்தான் கிரவுண்டுக்கு வெளியே அத்தனை அம்மாக்கள் வெயிலில் நிற்கிறார்கள்.

ட்ரயல்ஸ் நடத்தும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பதினொன்றுக்குப் பதினொன்று நிறுத்தி, இருபது நிமிடம் ஓடவிட்டு, “அடுத்த பேட்ச்” என்கிறீர்கள். 90 நிமிட முழு ஆட்டத்திலேயே ஒரு ஆட்டக்காரர் காலில் பந்து இருப்பது ஒன்றிரண்டு நிமிடம்தான். இருபது நிமிடத்தில் எத்தனை வினாடி வரும்? அதிலும் முன்பின் தெரியாத பத்துப் பேரோடு. யாரும் யாருக்கும் பாஸ் போடுவதில்லை. தன் திறமையைக் காட்டவே எல்லோருக்கும் நேரம் போதவில்லை. இப்படி எடுத்த முடிவில் ஆட்டத்துக்கு இடம் குறைந்துபோவதால்தான் வதந்தி அந்த இடத்தில் வந்து உட்கார்கிறது.

நான் கேட்பவை இவை.

இந்த இரண்டு பேரையும் கேம்ப் தொடங்குவதற்கு முன் மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள். பட்டியலில் சேர்க்கச் சொல்லவில்லை, பார்க்கச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் காலை உங்களுக்கு நம்பிக்கையான விளையாட்டு மருத்துவரிடமோ பிசியோவிடமோ காட்டுங்கள். எங்கே வரச் சொன்னாலும் வருவாள், ஃபைலோடு. அவர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த ட்ரயல்ஸிலிருந்து பழைய காயத்தைச் சொல்லும் பிள்ளைகளுக்குத் தனி மேசை போட்டு, ஒரு பிசியோவை உட்காரவையுங்கள். காயத்தைச் சொன்னதற்காக மட்டும் யாரும் விலக்கப்படமாட்டார்கள் என்பதை அறிவிப்பிலேயே அச்சடியுங்கள். இன்னும் தேறாதவர்களுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு மறுவாய்ப்பு வையுங்கள்.

ஒழுக்கம் என்ற காரணத்துக்காக ஒருவரை நிறுத்தினால், எந்த நாளில் என்ன செய்தார் என்பதை எழுதி, பயிற்சியாளரிடமும் பெற்றோரிடமும் கொடுங்கள். அந்தப் பிள்ளை பதில் சொல்ல ஒரு வாய்ப்பு இருக்கட்டும். எழுத முடியாத காரணம் என்றால் அதைப் பேச்சிலும் சொல்லாதீர்கள். ஏரியா பெயரைத் தேர்வு மேசையில் யாரும் உச்சரிக்கக் கூடாது. தேர்வாளர்கள் பார்க்கும் தாளில் முகவரி இல்லாமல் மார்பு எண் மட்டும் இருந்தாலே பாதி பிரச்சினை தீரும்.

முதல் சுற்றை நான்குக்கு நான்கு என்று சின்னக் களத்தில் வையுங்கள். ஒவ்வொருவர் காலிலும் பந்து படும், நீங்களும் கிட்டே நின்று பார்க்கலாம். கேம்ப்பில் தினமும் ஃபிஃபாவின் 11 பிளஸ் வார்ம்-அப்பைச் செய்யவையுங்கள். இருபது நிமிடம்தான், கருவி எதுவும் வேண்டாம். முறையாகச் செய்த இளம் பெண்கள் அணிகளில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். வேண்டுமானால் உங்கள் கேம்ப்புக்கு வந்து செய்துகாட்டச் சொல்கிறேன்.

கேம்ப் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். மூத்தவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியம்தான் குழுவின் முடிவு என்றால், அதையே உங்கள் லெட்டர்ஹெட்டில் அடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு கால்பந்துப் பயிற்சியாளர்